முள் கீழே இருந்தால் திறக்கலாம்

தரையில் பச்சையாக ஒரு சொட்டு கிடந்தால் என்னால் குனியாமல் இருக்க முடியாது. முப்பத்தொரு வருஷம் ஒர்க்‌ஷாப்பில் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் நடந்தால் கண் தன்னால் வண்டிகளின் வயிற்றுக்குக் கீழே போய்விடும். கறுப்பாகக் கிடந்தால் எஞ்சின் ஆயில். பச்சையாக, விரலில் தொட்டால் வழவழவென்று இருந்தால் கூலன்ட், அதாவது எஞ்சினைச் சூடேறாமல் பார்த்துக்கொள்கிற தண்ணீர். கண்ணும் காதும் வேலை செய்கிற அளவுக்கு எனக்கு மூளையும் வேலை செய்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன் என்று என் மனைவி சொல்வாள். அதை மறுக்க இதுவரை எனக்குச் சந்தர்ப்பம் அமையவில்லை.

தெருவில் எனக்கு மைக்செட் என்று பெயர். எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, யார் மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு ஆபீஸ் போவதுபோல் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறார், எல்லாம் எனக்கு வந்து சேர்ந்துவிடும். சேர்ந்தால் வெளியே விட வேண்டும், இல்லாவிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும். மனைவியிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் அவள் மிக்ஸியைப் போட்டுவிடுவாள். அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் போடுவாள்.

பக்கத்து வீட்டு டீச்சர் கேட்பார். அதுதான் விஷயமே.

அவர் கணக்கு டீச்சர். தனியாக இருப்பவர். அப்பா விட்டுப்போன காரை இருபத்தாறு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வண்டியின் முதல் ஒழுகல் நான் செய்ததல்ல. நீங்கள் இதைத் தனியாக எழுதிக்கொண்டால் நல்லது. இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் குறைகிறது என்றார். நான் ரேடியேட்டர் மூடியின் ரப்பரைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. தண்ணீர் ஓடுகிற ரப்பர் ஹோஸ்களை அமுக்கிப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டிக் காற்றை ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். கால் மணி நேரம் கழித்து வாட்டர் பம்ப்பின் அடியில் ஊசித்துளை அளவு ஓட்டையில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. பம்ப்பைக் கழற்றி, புதுசு வாங்கி, ஒழுகாமல் இருக்க நடுவில் கேஸ்கெட் வைத்து மாட்டி முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

அந்த மூன்று ஞாயிறும் அவர் கையில் டீயோடு பானட் பக்கத்திலேயே நின்றார். நான் நட்டைச் சுற்றிக்கொண்டே தெருக்கதையைச் சொன்னேன். இடையிடையே "அப்புறம்ணே?" என்பார். அந்த 'அப்புறம்' வெறும் சத்தம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்பது.

நான்காவது ஞாயிறு வண்டியில் கோளாறு இல்லை. டீச்சர் கையை ஆட்டிவிட்டு நூலகத்துக்குப் போய்விட்டார். நான் வீட்டுக்குள் வந்தேன். மிக்ஸி ஓடியது.

அடுத்த வாரம் கீழ் ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற கிளிப்பை நான் கால் சுற்று தளர்த்தினேன்.

கால் சுற்றுதான். வண்டிக்கு ஒன்றும் ஆகாது. தரையில் ஒரு பச்சைப் பொட்டு விழும், அவ்வளவுதான். கண்டுபிடிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. பிறகு ஒருமுறை மேல் ஹோஸ், ஒருமுறை வடிகுழாயின் திருகு. பதினோரு ஞாயிறு ஓடியது. "இந்த வண்டிக்கு உங்களைத் தவிர யாரும் லாயக்கில்லைண்ணே" என்றார் டீச்சர். எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்கவும் நன்றாக இருந்தது.

எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பாடமும் சொல்லிக்கொடுத்தேன். "டீச்சரம்மா, வழியில சூடாகி நின்னா பதறாதீங்க. சாவியத் திருப்பி, சூடு காட்டற முள்ளப் பாருங்க. மேல இருந்தா ரேடியேட்டர் மூடியில கையே வைக்காதீங்க, கொதிதண்ணி மூஞ்சில அடிக்கும். கீழ இறங்கிடுச்சா, ஆறிடுச்சுன்னு அர்த்தம். அப்ப தெறந்து தண்ணி ஊத்தலாம்."

அவர் அதை ஒரு அட்டையில் எழுதி மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். 'முள் மேலே: தொடாதே. முள் கீழே: திறக்கலாம்.' படித்தவர்கள் இப்படித்தான். நான் உளறுவதைக்கூட இரண்டு வரியில் சூத்திரமாக்கிவிடுவார்கள்.

பிறகு அவருக்குத் தலைமை ஆசிரியர் பதவி வந்தது. நான்கு மணி நேரப் பயணத்தில் வேறு ஊர். திங்கட்கிழமை நண்பகலுக்குள் போய்ப் பொறுப்பேற்க வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். பதினெட்டு வருஷம் காத்திருந்த பதவி. எனக்குச் சனிக்கிழமைதான் தெரியும். அதுவும் வாசலில் அட்டைப்பெட்டிகளைப் பார்த்து நானே கேட்ட பிறகு.

"உங்ககிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும்ணே. ஆர்டர் கைக்கு வரட்டும்னு இருந்தேன்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

"வண்டி நாலு மணி நேரம் தாங்குமாண்ணே?"

"நான் பாத்துத் தரேன்."

ஞாயிறு காலை பார்த்தேன். கிளிப்பை முக்கால் சுற்று தளர்த்தினேன். வண்டி ஓடினால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வற்றத் தொடங்கும். ஆனால் முள் ஏறுவதைப் பார்த்தால் டீச்சர் உடனே ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் நிறுத்துவார். அங்கே எவனாவது ஒரு கற்றுக்குட்டி கிளிப்பை இரண்டு நிமிஷத்தில் இறுக்கி அனுப்பிவிடுவான். நண்பகலுக்குப் போய்விடுவார். போதாததற்கு, "யாரும்மா இதை மாட்டினது?" என்று என் வேலையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்க நேரும். ஆகவே அந்த முள்ளுக்குப் போகிற ஒற்றை வயரைப் பிடுங்கிவிட்டேன். பிடுங்கினால் முள் எழும்பாது, கீழேயே கிடக்கும். எஞ்சின் முழுக்கச் சூடேறி, அதன் மேல்பாகமான ஹெட் வளைந்து, வண்டி நடுவழியில் நின்றுவிடும். நண்பகல் தாண்டிவிடும். பதவி போனால் அவர் இங்கேயே இருப்பார். வண்டிக்குத்தான் கெடுதல், அவருக்கு இல்லை. இந்த வித்தியாசத்தை நான் கவனமாகவே பார்த்துக்கொண்டேன்.

வயர் முனையில் டேப் சுற்றியிருந்ததுதான் உங்களுக்குச் சந்தேகம் கொடுத்தது என்றீர்கள், இன்ஸ்பெக்டர் சார். தூசி படக்கூடாது என்று சுற்றினேன். தொழில் புத்தி. ஒரு கெட்ட காரியத்தைக்கூட அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது.

திங்கள் காலை ஆறு மணிக்கு அவர் கிளம்பினார். "போய்ட்டு வரேண்ணே." "பாத்துப் போங்க டீச்சரம்மா." இவ்வளவுதான் பேசினோம்.

மீதியை, அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த லாரி டிரைவர் உங்களிடம் சொல்லியிருப்பார். பானட்டுக்குள்ளிருந்து ஆவி வர, டீச்சர் ஓரமாக நிறுத்தியிருக்கிறார். பதறவில்லை. சாவியைத் திருப்பி முள்ளைப் பார்த்தார், கீழே இருந்தது. எதற்கும் இன்னும் ஐந்து நிமிஷம் சேர்த்தே காத்திருந்தாராம். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அட்டையில் எழுதியிருந்தபடி மூடியைத் திறந்தார்.

இரண்டு கைகள். முகம். வலது கண் போய்விட்டது. இடது கண்ணைப் பற்றி டாக்டர் இன்னும் வாய் திறக்கவில்லை. பதவி அடுத்தவருக்குப் போய்விட்டது. அவர் நல்ல மனுஷர், பூங்கொத்து அனுப்பியிருந்தார்.

நான் தினமும் பார்வையாளர் நேரம் முழுக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருகிறேன். டீயை ஆற்றி ஸ்பூனில் கொடுக்கிறேன். தெருவில் நடந்ததையெல்லாம் சொல்கிறேன். நேற்று அவர் கட்டுப்போட்ட கையை என் பக்கம் நீட்டி, "உங்க மேல தப்பில்லண்ணே. நீங்க சரியாத்தான் சொல்லிக்குடுத்தீங்க. நான்தான் முள்ளச் சரியாப் பாக்கல" என்றார். கணக்கில் தப்பு வந்தால் அவர் முதலில் தன் பக்கத்தைத்தான் சரிபார்ப்பார்.

வயரைப் பிடுங்கும்போது அந்த அட்டை எனக்கு நினைவில் இருந்ததா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். இரண்டு முறை மறந்துவிட்டேன் என்றேன். வயதாகிவிட்டது என்றும் சொன்னேன். அது அவ்வளவு சரியில்லை. வயரைப் பிடுங்கிய பிறகு எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, முள் எழும்புகிறதா என்று பார்க்க நானே சீட்டில் உட்கார்ந்தேன். எழும்பவில்லை. அட்டை அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு வரியையும் படித்தேன். இன்னொரு முறையும் படித்தேன். என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அப்படி வெந்த முகங்கள் நான்கைப் பார்த்தவன் நான். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, டீச்சர் கையில் கொடுத்தேன். வண்டி தயார் என்றேன்.

ஆக, நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ அங்கே போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். டீச்சரிடம் நீங்கள் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு இதைத் தாங்குகிற பக்குவம் வரவேண்டும், அவர் மனசு நோகக்கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன். உடம்பு கொஞ்சம் தேறியதும் நானே பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் போனால் இவ்வளவு பெரிய சேதியை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவீர்கள்.