பசித்து வந்தவள் எந்த வீட்டுக்காரி?

அக்கிராசனம் வகித்து இந்த அவைக்கு அணிசெய்யும் சிவசண்முகம் பிள்ளையவர்களே! கஞ்சித் தொட்டிக்கு நெல்லளந்து தந்த நிலக்கிழார்களே! அறிவாலும் அகவையாலும் மூத்த ஆன்றோர்களே! அழுகிற பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே! சேரன்மகாதேவிச் சகோதரர்களே! அனைவரையும் அன்போடு வணங்குகிறேன்.

பொருநை பாயும் பூமி இது. பொன் விளைந்த பூமி இது. இந்த வருஷம் இங்கே கார்ப் பயிர் கருகிற்று, பிசான விளைச்சலும் பொய்த்தது. கடலுக்கு அப்பால் சண்டை நடக்கிறது. நம் கடைத்தெருவில் அரிசி யானை விலை, குதிரை விலை விற்கிறது. ஆகவே ஊர்கூடிக் கஞ்சித் தொட்டி வைத்தோம். வீட்டுக்கு ஒரு கலயம், வீட்டுக்காரன் பெயரைச் சொன்னால் கஞ்சி என்று விதி செய்தோம். நல்ல விதிதான். ஒரே வீட்டார் இருமுறை வாங்காமல் தடுக்கிற விதி.

அந்த விதியின் முன்னால் போன வாரம் ஒருத்தி வந்து நின்றாள். பெயர் இசக்கியம்மாள். இதோ, தாய்மார் நடுவிலேதான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் சொல்லச் சொன்னதைத்தான் சொல்லுகிறேன். புருஷன் தளவாய் விறகுக் கட்டையால் அடித்ததில் அவளுடைய இடக்கை ஒடிந்தது. கட்டுப் போட்ட கையோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணன் வீட்டிலோ அடுப்பே எரியவில்லை; அந்த வீட்டுக்குக் கிடைக்கிற ஒரு கலயம் அவர்களுக்கே போதவில்லை.

தொட்டியடியில் கஞ்சி ஊற்றுகிற கைலாசம், "யார் வீடு, தாயி?" என்று கேட்டார். இசக்கியம்மாள் வாய் திறக்கவில்லை. நம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லுவார்களா? பக்கத்தில் நிற்பவள்தானே எடுத்துக் கொடுப்பாள்? பின்னால் நின்ற முப்பிடாதியும் அந்த நல்ல மனசோடுதான் சொன்னாள்: "பேரு சொல்ல வெக்கப்படுதா அண்ணாச்சி. தளவாய் வீடு!"

"தளவாய் வெள்ளனயே வந்து வாங்கிட்டுப் போயிட்டானே!" என்றார் கைலாசம். இசக்கியம்மாள் வெறுங்கலயத்தோடு திரும்பினாள். மறுநாளும் வந்தாள். மறுநாளும் அதே மௌனம், அதே உபகாரம், அதே வெறுங்கலயம்!

என்ன கேட்கிறீர்கள், பின்வரிசை ஐயா? "அவ வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?" என்கிறீர்களா? எதைச் சொல்லுவாள்? "அது என் வீடு இல்லை, அடி பொறுக்காமல் வந்துவிட்டேன்" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லுவாளா? அதற்குத் தொண்டை வேண்டாமா? வெட்கத்தால் வாய் மூடினாள் என்று நாம் நினைத்தோம். ஐயா, அவள் அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள்!

மூன்றாம் நாள், முந்தானைக்குள் மறைத்திருந்த அந்தக் கட்டுப் போட்ட கையை முப்பிடாதி பார்த்துவிட்டாள். "ஏட்டி, இது யாரு செஞ்ச வேலை?" என்றாள். கண்ணீர்தான் வந்தது. முப்பிடாதி தன் கலயத்தைச் சாய்த்துப் பாதிக் கஞ்சியை அவள் கலயத்தில் ஊற்றினாள். முப்பிடாதிக்கு மூன்று பிள்ளைகள். அன்று அந்தப் பிள்ளைகள் குடித்தது அரை வயிறு. அம்மா முப்பிடாதி, உன்னை எப்படிப் புகழுவேன்? ஆனால் ஒரு பசித்தவளின் பாரத்தை இன்னொரு பசித்தவள் தலையில் வைப்பதா ஊரின் தருமம்?

தளவாய் கடைத்தெருவில் என்ன சொன்னான் தெரியுமா? "அவளைத் தேடி நான் எதுக்குப் போகணும் வே? பசிச்சா பைய வருவா." கேட்டீர்களா? அவன் எதை நம்பியிருக்கிறான்? நம்முடைய விதியை நம்பியிருக்கிறான்! அவன் கையில் இருந்தது விறகுக் கட்டை. நம் கையில் இருப்பது அகப்பை. அடித்து வளைக்க அதுவும், பட்டினி போட்டு வளைக்க இதுவுமா? அன்னம் இடுகிற அகப்பையை அடிக்கிறவனுக்குத் துணை அனுப்பலாமா? தாய்மார்களே, அனுப்பலாமா?

"கூடாது" என்கிறீர்கள். அந்தக் குரல் அக்கிராசனர் செவிக்கும் எட்டியிருக்கும். பிள்ளையவர்களே, கை கூப்பிக் கேட்கிறேன். அடிபட்டு வந்தவளிடம் புருஷன் பெயரைக் கேட்க வேண்டாம். அவளையே ஒரு வீடாக எண்ணிக் கஞ்சி ஊற்றச் சொல்லுங்கள். என்ன, சம்மதமா? தலையசைத்துவிட்டார்! கைலாசம் அண்ணாச்சி, பார்த்துக்கொண்டீர்களா? கைதட்டல் இருக்கட்டும். நாளை காலையில் நீங்கள் எல்லோரும் தொட்டியடிக்கு வந்து நில்லுங்கள், அது போதும்.

வாசல் தூணருகே நிற்கிற தம்பி தளவாய்! போகாதே, நில். உன்னை விரட்டவில்லை. பஞ்சம் உன் வயிற்றையும்தான் சுடுகிறது. நாளைக்கு நீயும் வா, உனக்கும் கஞ்சி உண்டு. ஆனால் அவள் குடிக்கிற கஞ்சி இனி உன்னைக் கேட்டு ஊற்றப்படாது.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், கண்ணைத் துடைத்துக்கொள்கிற தாய்மார்க்கும் என் நன்றி. அம்மா இசக்கியம்மாள், உனக்குத் தனியே என் வணக்கம்.