மாலை ஆட்டத்துக்கு ஒரு கேமரா

அம்மையப்பன்: அப்ப அந்த மலிவான கேமராவையே கொண்டாரச் சொல்லு, ஆர்மான். பெத்தாங்க் குண்டு எறியற மைதானத்துக்கு அது போதும்.

ஆர்மான்: போதாதுப்பா. என் மாப்ள பாரிஸ்லேருந்து சொன்னாரு... மலிவானதுக்குப் பட்டப்பகல் வெளிச்சம் வேணுமாம். நாம ஆடி முடிக்கிறப்ப ஊரே விளக்கு வச்சிடுது.

அம்மையப்பன்: தெருவிளக்கு இருக்குல்ல?

ஆர்மான்: அதுவா? லோ வோல்டேஜ்ல மின்மினி மாதிரி... அதுக்குக் கீழ நின்னு பேப்பர் படிப்பியா நீ?

அம்மையப்பன்: தலைப்பு படிப்பேன்.

ஆர்மான்: பொடி எழுத்து தெரிஞ்சாத்தான் கேமராவுல மூஞ்சி தெரியுமாம். இல்லன்னா டிவியில ஈ மொய்ச்ச மாதிரி புள்ளி புள்ளியா வருமாம்.

அம்மையப்பன்: வரட்டுமே... ஆளு நிக்கிறது தெரியும்ல.

ஆர்மான்: எந்த ஆளு? அதானே கேள்வி. தெனம் இருட்டுற நேரத்துல, நாம குறி வச்சு எறியற அந்தச் சின்னக் கட்டைக் குண்டு நகர்ந்து வந்து என் இரும்புக் குண்டோட ஒட்டிக்குது. நம்ம கட்சி ஜெயிச்சிடுது. நான்தான் காலால தள்ளுறேன்னு எதிர்க்கட்சி மீரா சாகிப் ஊரெல்லாம் சொல்றாரு. இத்தன வருஷப் பழக்கம்... என்னைக் கள்ளன்ட்டாரு.

அம்மையப்பன்: சரி, வாங்கு. மேற்குப் பக்கம் பாத்து மாட்டிடுவோம்.

ஆர்மான்: சாயங்கால சூரியனுக்கு நேராவா? ஆளெல்லாம் கரிக்கட்டையாத் தெரியும்.

அம்மையப்பன்: அப்ப அந்த வேப்பமரத்தடிய பாத்து...

ஆர்மான்: நிழலயா? அதெப்படிப்பா, நீ சொல்ற எடத்துலெல்லாம் ஒண்ணுமே தெரியாது போலருக்கு?

அம்மையப்பன்: அட, வீண் செலவு எதுக்குன்னு பாத்தேன்.

ஆர்மான்: வெல கூடுனதே வரட்டும். மெழுகுவத்தி வெளிச்சம் போதுமாம் அதுக்கு. அது வர்ற வரைக்கும் நான் ஆட வர மாட்டேன்.

அம்மையப்பன்: வேணாம், ஆர்மான்...

ஆர்மான்: ஏன்?

அம்மையப்பன்: தள்ளுறது நான்தான்யா. கண்ணுல பொரை விழுந்ததுலேருந்து நீ எறியறது எங்கயோ போவுது. தோத்துக்கிட்டே இருந்தா நீ வீட்டோட உக்காந்துடுவ. நீ இல்லாம நான் யாரோட ஆடுறது?

ஆர்மான்: அட பாவி... பாசத்துல என்னைக் கள்ளனாக்கிட்டியே.

அம்மையப்பன்: கேமரா வேணாம்னு சொல்லிடு. சாகிப்புக்கும் இது தெரிய வேணாம்.

ஆர்மான்: மாப்ள சொன்னதெல்லாம் நெசம்தான். கேமரா வாங்கத்தான் யாரும் போகல. கேமராவுக்குத்தான்யா வெளிச்சம் வேணும், காதுக்கு எதுக்கு... சாகிப், கேட்டுச்சா? என் ரூம் கதவுக்குப் பின்னால புழுங்கும், வெளிய வாங்க.