கிள்ளான் பேன்

– ஆறு மணிக்குக் கொண்டாந்து விடணும். இப்ப ஆறே முக்கால்.

– பிரிக்பீல்ட்ஸ்ல பார்க்கிங் கெடைக்கணும்ல, மாலா. மூணு சுத்து சுத்துனேன்.

– மீனு, நீ நேரா பாத்ரூமுக்குப் போ. சோபாவுல உக்காராத. அப்பாகிட்ட பேசிட்டு வரேன்.

– புள்ள இன்னும் செருப்பக்கூட கழட்டல.

– ரெண்டு நாள் கிள்ளான்ல உங்க வீட்டுல இருந்துட்டு வர்றா. தலையில என்ன கொண்டு வந்துருக்காளோ.

– ஒண்ணும் இல்ல. காலையிலகூட சீவுனேன்.

– யாரு, நீங்களா? கல்யாணமாகி ஒம்பது வருசத்துல ஒரு நாள் அவளுக்கு சடை பின்னி விட்டுருப்பீங்களா?

– இப்ப பின்னுறேன்லா.

– போன தடவையும் சுத்தமா இருக்குன்னுதான் சொன்னீங்க. புதன்கிழமை ஸ்கூல்லேருந்து அவ கிளாஸுக்குப் பாடம் எடுக்குற சிகு போன் பண்றாங்க. தலையில பேன் ஊருது, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. மீட்டிங்ல பாதியில எந்திரிச்சு ஓடுனேன். பாஸ்கிட்ட என்னன்னு சொல்றது?

– பேன்னு சொல்ல வேண்டியதுதான்.

– உங்களுக்கு எல்லாம் வெளையாட்டு. வேப்பிலை அரைச்சுப் போட்டேன். தேங்கா எண்ணெய ரெண்டு மணி நேரம் ஊற வச்சேன். வினிகர் ஊத்தி அலசுனேன், வீடே ஊறுகா வாசம். பெட்ஷீட்டெல்லாம் சுடுதண்ணியில தொவைச்சேன். பத்து நாள் போகும், மறுபடியும் வந்துரும்.

– ஃபார்மசி லோஷன் எதுவும் போடலையே?

– அந்த வாடைக்கு அவளுக்கு மூச்சு இழுக்குது. உங்களுக்கு எங்க அது தெரியப் போவுது.

– தெரியும். நானும் லோஷன் போடல. தலைய நனைச்சு, கண்டிஷனர் போட்டு, பேன் சீப்பு. வெள்ளத் துணிய விரிச்சு கொத்துக் கொத்தா சீவுனேன். ஒரு மணி நேரம். கார்ட்டூன் பாத்துக்கிட்டு உக்காந்துருந்தா.

– அம்மா! வினிகர் வேணாம்மா! கண்ணு எரியும்!

– மீனு, கதவ சாத்து! ... எல்லாம் உங்க தங்கச்சி புள்ளைங்ககிட்டேருந்து வர்றது. ரமணி எப்பவாவது அதுங்க தலையப் பாத்துருக்காளா?

– அதுங்க ரெண்டுக்கும் தைப்பூசத்துக்கு பத்துமலையில மொட்ட போட்டாச்சு. இன்னும் அரை இஞ்ச்கூட வளரல. பேன் எதப் புடிச்சுத் தொங்கும்?

– அப்ப உங்க வீட்டு சோபா.

– போன மாசம் மூணு வாரம் நான் கூச்சிங்ல வேலையில இருந்தேன். மீனு கிள்ளான் பக்கமே வரல. அப்பவும் பேன் இருந்துச்சுன்னு நீதான மெசேஜ் போட்ட?

– இதெல்லாம் எனக்குத் தெரியாது கிரி. அவ தலை சுத்தமாகுற வரைக்கும் கிள்ளான் வேணாம். லாயர்கிட்ட லெட்டர் அனுப்பச் சொல்லிட்டேன்.

– பேனுக்கு லெட்டரா?

– சிரிக்காதீங்க.

– சிரிக்கல. மாசத்துல நாலு நாள்தான் அவ எனக்கு. அதையும் எடுத்துராத.

– அப்ப எங்கேருந்து வருதுன்னு நீங்களே சொல்லுங்க. கிளாஸ்ல எல்லார் தலையையும் பாத்துட்டாங்க, வேற யாருக்கும் இல்லையாம். இங்க நானும் அவளும் மட்டும்தான்.

– ராத்திரி எங்க படுக்குறா?

– என்கூடத்தான். நீங்க போனதுலேருந்து தனியா படுக்க மாட்டேங்குறா. கழுத்தக் கட்டிக்கிட்டுத்தான் தூக்கம்.

– ம்.

– என்ன ம்?

– வந்ததுலேருந்து பாக்குறேன். சொறிஞ்சுக்கிட்டே இருக்க.

– டென்ஷன். நாள் பூரா ஆபீஸ், வந்தா இவ தலை, அப்புறம் உங்க கூட இந்தப் பேச்சு. சொறியாம?

– காதுக்குப் பின்னாலதான் டென்ஷன் வருமா?

– என்ன சொல்ல வரீங்க?

– மீனு தலைய நான் பாக்குறேன், நீ பாக்குற. உன் தலைய யாரு பாக்குறா, மாலா?