ரிசப்டர் இருக்கு, அண்ணி

வாலு: இருக்கு அண்ணி... நிறைய இருக்கு.

அண்ணி: ரோட்டைப் பாரு. என்ன இருக்கு?

வாலு: ரிசப்டர். உங்க கட்டியில. லேப்லேர்ந்து நேரா இங்கதான்...

அண்ணி: க்ளட்ச்... க்ளட்ச்சை மிதி. போச்சு, ஆஃப் பண்ணிட்ட.

வாலு: ஆகட்டும். நான் சொல்றதை முதல்ல கேளுங்க.

அண்ணி: பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சே செவிடாக்குறான். ஓரங்கட்டிட்டு சொல்லு. டிரைவிங் ஸ்கூல்காரியோட நாத்தனார்னு மட்டும் வெளியில சொல்லிடாத தாயே.

வாலு: ஓரங்கட்டியாச்சு. சினைப்பைப் புற்று திரும்ப வந்தப்ப சதை எடுத்தாங்களே, அதுல கொஞ்சம் ஆராய்ச்சிக்குன்னு சம்மதிச்சீங்கல்ல?

அண்ணி: ஆமா. யாருக்காவது உதவட்டும்னு.

வாலு: அந்த யாராவது நீங்கதான்.

அண்ணி: ...புரியற மாதிரி சொல்லு. உங்க லேப் பாஷை வேண்டாம்.

வாலு: மூளையிலேர்ந்து ஒரு ஹார்மோன் வரும். அதைப் பிடிச்சு உள்ள இழுக்கறதுக்கு சில செல்லு மேல கொக்கி மாதிரி ஒண்ணு இருக்கும். அதான் ரிசப்டர். உங்க புற்று செல்லு மேல அது மொய்ச்சுக் கிடக்கு.

அண்ணி: அது நல்லதா, கெட்டதா?

வாலு: நமக்கு நல்லது. அந்த ஹார்மோன் மாதிரியே ஒண்ணு செஞ்சு, அதோட கீமோ மருந்தைக் கோத்து விடுவோம். ஹார்மோன்தான்னு நம்பி புற்று செல்லு லபக்குனு முழுங்கும். உள்ள போனதும்...

அண்ணி: மருந்து வேலையைக் காட்டும்.

வாலு: அதே.

அண்ணி: மத்த உறுப்பெல்லாம்?

வாலு: இதயம் மாதிரி இடத்துலயெல்லாம் அந்தக் கொக்கி ரொம்பக் கம்மி. அதனால அடியும் கம்மியா விழும்னு நம்பறோம்.

அண்ணி: போன தடவை மாதிரி விரல் மரத்துப் போகாதே? கியரைப் பிடிச்சிருக்கேனா இல்லையான்னே தெரியாம...

வாலு: அது வேற மருந்து. ஆனா அடிச்சு சத்தியம் பண்ண மாட்டேன் அண்ணி, இது இன்னும் சோதனையிலதான் இருக்கு. குணமாகும்னும் சொல்லல. ஆனா உங்க செல்லுக்கு அதை விட்டுப் பாத்தேன்... அந்த மருந்து மைக்ராஸ்கோப்ல சிவப்பா ஒளிரும். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் செக்கச்செவேல்னு... துள்ளிக் குதிச்சதுல நாற்காலி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அண்ணி: உங்கண்ணன்கிட்ட சொன்னியா?

வாலு: அவன் ஃபோன்லயே அழுவான். முதல்ல உங்ககிட்டதான்.

அண்ணி: சரி, இப்ப என்ன பண்ணணும்ங்கற?

வாலு: சோதனையில சேரலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க, காத்துட்டிருக்காங்க. போலாமா?

அண்ணி: உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். திரும்ப வந்துடுச்சுன்னு சொன்ன அன்னிக்கே, இனி கீமோ வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். உங்கண்ணன் ஸ்டியரிங்கைத் தொட்டாலே வேர்த்துக் கொட்டுவாரு. எனக்கப்புறம் இந்த ஸ்கூலைப் பாத்துக்க, நம்ம பசங்களைக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வேணும்ல? அதான் உன்னைப் பிடிச்சு உக்கார வெச்சேன். நீ என்னடான்னா இத்தனை நாளா செகண்ட் கியருக்கே வரல.

வாலு: தெரியும்.

அண்ணி: என்ன தெரியும்?

வாலு: பெல்ட்டைப் போடுங்க, வேகமா போகப்போறேன். ஹாஸ்டல்ல இருக்கும்போதே லைசென்ஸ் எடுத்துட்டேன் அண்ணி. நான் கத்துக்கிட்டேன்னு தெரிஞ்சா நீங்க நிம்மதியா கிளம்பிடுவீங்க... அதான் தினம் வண்டியை ஆஃப் பண்ணிட்டிருந்தேன்.