ஒரே எண்ணில் இரண்டு கணக்குகள்

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளபடியே சரி. வயது முப்பத்து மூன்று. மென்பொருள் எழுதும் சிறிய நிறுவனம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எதையும் தள்ளிப்போடுவதால் அங்கே எனக்குப் ‘பாத்துக்கலாம்’ என்று பட்டப்பெயர். கடந்த செவ்வாயன்று இதே காவல் நிலையத்தில், என் அக்கா தன் கடவுச்சொல்லை எங்கேயாவது எழுதி வைத்திருப்பாள் என்று சொன்னேன். அது பொய். அதைத் திருத்த நானாகவே வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு மருத்துவமனைக்காக, நோயாளிகள் தங்கள் பரிசோதனை முடிவுகளையும் அங்கே இதுவரை வாங்கிய மருந்துகளையும் பார்க்கும் இணையதளத்தை நான் தனியாக எழுதினேன். நாங்கள் பயன்படுத்தும் மென்பொருள் கட்டமைப்பில் உள்நுழையும் பகுதி ஆயத்தமாகவே வரும். அது பயனர்பெயரைக் கேட்கும். மருத்துவமனையோ கைபேசி எண்தான் வேண்டும் என்றது. அப்படி மாற்றுவதானால் முதல் நாளே சொந்தமாகப் பயனர் அட்டவணை அமைக்க வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறது. படித்தும் நான் செய்யவில்லை. நான்கு மாதம் கழித்துச் செய்வதென்றால் கட்டியதையெல்லாம் கலைக்க வேண்டும் என்பதால், எண்ணை மட்டும் ஒரு துணை அட்டவணையில் ஒட்டவைத்தேன்.

அதன் பின்னர், கணவன் மனைவி ஒரே எண்ணைக் கொடுத்தால் இரண்டாவது ஆளின் பதிவை ஏற்க மறுக்கிறது என்று வரவேற்பில் இருக்கும் அம்மா புகார் சொன்னதால், ஓர் எண்ணுக்கு ஒரு கணக்கு என்ற விதியை எடுத்துவிட்டு, அந்த எண்ணிலுள்ள எந்தக் கணக்கின் கடவுச்சொல் பொருந்தினாலும் உள்ளே விடும்படி எழுதினேன். ஆனால் அடுத்த வரியில், பொருந்திய கணக்கைத் திறக்காமல் அந்த எண்ணில் முதலில் பதிந்த கணக்கைத் திறக்கும்படி விட்டுவிட்டேன். என் ஒரே ஒரு கணக்கை வைத்துச் சோதித்ததால் தெரியவில்லை. உதவி ஆய்வாளர், “எந்தச் சாவி போட்டாலும் கதவு திறந்துச்சுன்னு எழுதிக்கவா?” என்று கேட்டார். “இல்லைங்க, அவர் போட்டது அவரோட சாவிதான். திறந்தது அக்கா ரூம்,” என்றேன்.

அக்கா அந்த இணையதளத்தில் பதிவு செய்த அன்று எனக்குப் போன் செய்து, “வீட்ல எல்லாருக்கும் பொதுவான செல் நம்பரத்தான்டா குடுத்திருக்கேன், வேற யாரும் பாத்துட மாட்டாங்கல்ல?” என்று கேட்டாள். “உன் பாஸ்வேர்ட் இல்லாம நானே பாக்க முடியாதுக்கா,” என்று பெருமையாகச் சொன்னேன். அவள் எதை மறைக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

அதன் பின்னர், இம்மாதம் நான்காம் தேதி காலை, அதே எண்ணில் அவளுக்குப் பிறகு பதிவு செய்திருந்த அக்காவின் கணவர் தன் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்க, தன்னுடைய கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போயிருக்கிறார். அவருக்கு அக்காவின் பக்கம் திறந்திருக்கிறது. பிள்ளை இல்லையே என்று அவர் வீட்டார் அவளைக் குத்திக் காட்டிய இரண்டு ஆண்டுகளும் அவள் கருத்தடை மாத்திரை வாங்கி வந்தது அதில் தேதிவாரியாக இருந்தது. அவர் அவளை மாடிப்படியில் தள்ளியதில் வலது மணிக்கட்டும் இரண்டு விலா எலும்பும் முறிந்தன. தள்ளியது அவர். அதை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை.

சேதி கேட்டதும் அக்காவைச் சேர்த்திருந்த மருத்துவமனைக்கு நான் போகவில்லை. முதலில் அலுவலகத்துக்குப் போய் அந்த ஒரு வரியைத் திருத்தினேன். திருத்த ஆறு நிமிடம் ஆனது. அதை இங்கே சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அதன் பின்னர் வார்டுக்குப் போனேன். அக்கா, “நான்தான் பாஸ்வேர்ட எங்கயோ விட்டுட்டேனாடா?” என்று கேட்டாள். நான், “அப்படித்தான்க்கா இருக்கும்,” என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, “என் கவனக்குறைவு. கேஸ் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன்,” என்றாள். நாளை காலை கையெழுத்திடுவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளிடம் நேரில் சொல்ல இரண்டு முறை வார்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

மேலே உள்ளவை யாருடைய வற்புறுத்தலும் இன்றி நான் சொன்னவை. எனக்குப் படித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன். அக்கா கையெழுத்திடும் முன் இதை அவளுக்கும் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். அவள் கடவுச்சொல்லை எங்கேயும் விடவில்லை.

(ஒப்பம்)