வெளிச்சம் தள்ளிய தகடு

மகார்: ...கன்னத்துல கட்டியிருந்த துணிய அவுத்துட்டியே? பல்வலி போயிடுச்சா?

இக்னாத்: கொஞ்சம் பரவாயில்ல.

மகார்: காலையில வர முடியாதுன்னு ஆள் விட்டுச் சொன்னப்ப இடது பக்கம்னு சொன்ன. இப்ப வலது கன்னத்தத் தடவுற.

இக்னாத்: வலி ஒரே எடத்துல உக்காந்திருக்கணும்னு சட்டமா? அது எங்க வேணா போகும். நீகூடத்தான் பாரிசுக்குப் போற. போ, போய்ப் பெட்டி கட்டு.

மகார்: அதுக்குள்ள தெரிஞ்சுடுச்சா?

இக்னாத்: மாஸ்கோ பூரா தெரியும். வாசல்ல நின்னு பூட்ஸுல ஒட்டின பனியத் தட்டுறதுக்குள்ள நாலு பேரு சொல்லிட்டாங்க. 'மகாரோட தகடு ஆடிடுச்சாம், வெளிச்சம் தள்ளுதாம், புரொபசர் அழுதுட்டாராம்.' அழுதாரா?

மகார்: மூக்கச் சிந்தினாரு. ஜலதோஷமா இருக்கும்.

இக்னாத்: என் வேலையப் பாத்து ஒரு நாளாவது மூக்கு சிந்தியிருக்காரா அந்த மனுஷன்?

மகார்: டீ ஊத்தவா? சமோவார் சூடாத்தான் இருக்கு.

இக்னாத்: வேணாம்... கிளாஃபிரா வந்திருந்தாளா?

மகார்: புரொபசர் பாக்க வந்தா அவரு பொண்ணு வராம இருப்பாளா?

இக்னாத்: என்ன சொன்னா?

மகார்: ஒண்ணும் சொல்லல. கை குடுத்தா.

இக்னாத்: கையுறையோடவா, கழட்டிட்டா?

மகார்: ...கழட்டிட்டு.

இக்னாத்: வயிறு எரியுதுடா மகார். பேச்சுக்குச் சொல்லல, நெஜமாவே எரியுது. ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே இந்த இருட்டறைக்கு வந்தோம்? ஒரே பம்பு. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கண்ணாடிக் குமிழி, உன்னுது ஒண்ணு, என்னுது ஒண்ணு. ரெண்டுக்குள்ளயும் நூல்ல தொங்குற தகடுங்க, கரி பூசினது ஒண்ணு, பளபளப்பா ஒண்ணு. 'யாரோட தகடு மொதல்ல ஆடுதோ அவன் எங்களோட பாரிசுக்கு வந்து விஞ்ஞானிங்க சபையில பேசட்டும்'னாரு புரொபசர். யாரோடத மொதல்ல பாக்கறதுன்னு போட்ட சீட்டுல உன் பேரு முன்னால வந்துச்சு. வேற என்னடா வித்தியாசம் உனக்கும் எனக்கும்?

மகார்: ஒண்ணுமில்ல.

இக்னாத்: நான் பிரெஞ்சு படிச்சேன்! ஒரு கிழவிகிட்ட, குளிர்ல நடுங்கிக்கிட்டு. உனக்கு ரொட்டி கேக்கவாவது பிரெஞ்சு வருமா?

மகார்: கைய நீட்டிக் காட்டுவேன்.

இக்னாத்: போட்டுக்க ஒரு நல்ல கோட்டு இருக்கா?

மகார்: உன்னோடத கேக்கலாம்னு...

இக்னாத்: செத்தாலும் தர மாட்டேன்.

மகார்: கொஞ்சமாவது சந்தோஷப்படுவன்னு நெனச்சேன். வெளிச்சம் ஒரு பொருளத் தள்ளுமா, தள்ளாதான்னு நாம மண்டய ஒடச்சுக்காத நாள் உண்டா?

இக்னாத்: தள்ளினது வெளிச்சம்னு யாரு சொன்னா? காத்தா இருக்கும்.

மகார்: குமிழிக்குள்ள ஏது காத்து?

இக்னாத்: மிச்சம் மீதி இருக்கும். விளக்கு பட்டா தகடு சூடாகும். அந்தச் சூட்டுல காத்து துள்ளும், தகட்டத் தள்ளும். இதுல வெளிச்சத்துக்கு என்ன பெருமை? பெரிய பெரிய ஆளுங்களே ஏமாந்த எடம் இது.

மகார்: நீயும்தானே கூட நின்ன? உள்ள ஒரு சொட்டு பாதரசம் விட்டு, சூடு காட்டி, அந்த ஆவியே காத்தத் தொரத்திக்கிட்டு ஓடுற வரைக்கும் பம்பு அடிச்சோம். மிச்ச ஆவிய பனியும் உப்பும் வச்சு உறைய வச்சோம். கை மரத்துப் போச்சுன்னு என்னையே திட்டின.

இக்னாத்: இருந்தாலும் காத்து இருக்கும்.

மகார்: எப்படிடா அவ்வளவு உறுதியா...

இக்னாத்: இருக்கும்னா இருக்கும்! சரி, இதச் சொல்லு. கரி பூசின தகடுதானே ஜாஸ்தி நகந்துச்சு? கரிதான் சூட்டக் குடிக்கும். அது ஜாஸ்தி நகந்தா காத்து. சந்தேகமே இல்ல.

மகார்: இல்ல.

இக்னாத்: என்ன இல்ல?

மகார்: பளபளப்புத் தகடுதான் ஜாஸ்தி. கரித் தகட்டப் போல கிட்டத்தட்ட ரெண்டு பங்கு. புரொபசர் கணக்குல வந்த மாதிரியே. கரி வெளிச்சத்த முழுங்கிட்டு சும்மா இருந்துடும். பளபளப்பு வாங்கினதத் திருப்பி வீசுதுல்ல, அதனால அதுக்கு எதிர் ஒதையும் சேந்து விழுது. தகட்டோட தொங்குற கண்ணாடிச் சில்லுலேருந்து விழுற சுவத்துப் புள்ளி மெள்ள... அப்படியே நகந்துச்சுடா. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.

இக்னாத்: பொய்.

மகார்: புரொபசர் பாத்தாரு. கிளாஃபிரா பாத்தா.

இக்னாத்: பொய்டா! நடக்கவே நடக்காது. அந்தக் குமிழியில காத்து இருக்கு, எனக்குத் தெரியும்!

மகார்: எப்படித் தெரியும்?

இக்னாத்: சமோவார் இன்னும் சூடா இருக்கா?

மகார்: இக்னாத். எப்படித் தெரியும்?

இக்னாத்: டீ ஊத்து.

மகார்: வேணாம்னியே.

இக்னாத்: ஊத்துடான்னா...

மகார்: இந்தா. சர்க்கரைக் கட்டி டப்பாவுல இருக்கு.

இக்னாத்: நேத்து சாயங்காலம் நீ சூப்பு குடிக்கப் போன இல்ல?

மகார்: முட்டைக்கோசு சூப்பு. உன்னையும் கூப்பிட்டேன். பசிக்கலன்ன.

இக்னாத்: அப்ப... உன் குமிழியோட திருகத் தொறந்தேன். கொஞ்சூண்டு. 'ஸ்ஸ்'னு ஒரு சத்தம். ஒடனே மூடிட்டேன்.

மகார்: ம்.

இக்னாத்: 'ம்'மா? அடிக்க மாட்டியா? அடிடா!

மகார்: சொல்லி முடி.

இக்னாத்: உன்னுது கெட்டா அடுத்தது என்னுதப் பாப்பாரு. அவ்வளவுதான் என் புத்திக்கு எட்டுச்சு. நீ பாரிசு மேடையில நின்னு பேசறதையும், அவ கீழ உக்காந்து கேக்கறதையும் நெனச்சாலே... என்னால முடியல. காலையில உன் மூஞ்சியில முழிக்க தைரியம் இல்லாமத்தான் பல்வலின்னு கதை விட்டேன். ஆனா ஒண்ணு மகார், காத்த உள்ள விட்டும் உன் தகடு ஒழுங்கா ஆடியிருக்கு பாரு, அதத்தான் தாங்க முடியல. ஆண்டவரே உன் பக்கம் நிக்கிறாரு. நான் யாரோட மோதுறது?

மகார்: அவரு என் பக்கம் நிக்கல.

இக்னாத்: என்ன சொல்ற?

மகார்: புரொபசர் வர்றதுக்கு முன்னால விளக்க ஏத்திப் பாத்தேன். கரித் தகடு பேய் பிடிச்ச மாதிரி ஆடுச்சு. காத்து பூந்துடுச்சுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. எப்படிப் பூந்துச்சுன்னு மட்டும் இப்ப வரைக்கும் தெரியல. மறுபடி பம்பு அடிக்கலாம்னா, படியில அவரோட இருமல் கேக்குது.

இக்னாத்: அப்புறம்?

மகார்: அறை இருட்டு. அவரு கண்ணு சுவத்துப் புள்ளிய விட்டு அகலாது. நான்... விளக்கத் திருப்பிட்டேன்.

இக்னாத்: எங்க?

மகார்: பக்கத்துல.

இக்னாத்: பக்கத்துலன்னா... என் குமிழிக்கா?

மகார்: டீ ஆறுது பாரு.

இக்னாத்: டேய்! ஆடினது என் தகடா?

மகார்: அழகா ஆடுச்சுடா.

இக்னாத்: திருட்டுப் பயலே! இரு, இப்பவே மேல போறேன். அது என்னுதுன்னு புரொபசர்கிட்ட சொல்றேன். கிளாஃபிராவையும் வச்சுக்கிட்டே சொல்றேன்!

மகார்: தாராளமாப் போ. 'அப்ப மகாரோடது எப்படிக் கெட்டுச்சு?'ன்னு கேப்பாரு. அதையும் நீயே சொல்லிடு.