கால் அறுத்த மெஷின்

ஜூலை 9, புதன். வழக்கம்போல எட்டு மணிப் பேருந்தில் அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு வேலைக்குப் போனேன். முன் இருக்கையில் பட்டறை நடத்தும் ஒரு அக்காவும் தம்பியும்.

“நாலு காலையும் நான்தான் அறுத்தேன்” என்றாள் அக்கா.

“வெங்காயத் தாள் வெட்டுற மெஷினு. நின்னு வேலை பாக்கட்டும்னு ஒசரமா செஞ்சேன்.”

“எந்தப் பொம்பளைடா நின்னுகிட்டுத் தாள் வெட்டுறா? மரத்தடியில ஒக்காந்துல்ல வெட்டுறாளுவ. உன் மெஷின்ல துணி காயப்போட்டாளுவ.”

“இப்ப இரும்பு கொறஞ்சுபோச்சேக்கா. கடைக்காரரு எடையைப் பாத்துத்தான வெலை சொல்லுவாரு?”

“அப்படின்னா குடுக்க வேணாம். கூலிக்கு வெல்டிங் அடிச்சே பொழைப்போம்.”

தம்பியின் கைபேசி அடித்தது. பெரம்பலூர்க் கடைக்காரர். அக்கா வாங்கிப் பேசினாள்.

“ஆமாங்கண்ணே, பழசை விட வெலை கூடத்தான். கால் அறுத்ததைக் காட்டுல குடுத்துப் பாத்தீங்களே, பொம்பளைங்க திருப்பித் தந்தாங்களா?”

சற்று நேரம் கேட்டுவிட்டு வைத்தாள்.

“என்னவாம்?”

“சொன்ன வெலைக்கே எடுத்துக்கிறாராம். அரும்பாவூர்க் கடைக்குக் குடுத்துடாதம்மாங்கிறாரு.”

தம்பி சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான். “பட்டறை போர்டுல உன் பேரையும் எழுதிடுவோம்.”

“மொதல்ல எம்பேரு.”

காய் நறுக்க மனைவிக்கு நான் ஒரு மேசை செய்து கொடுத்திருந்தேன்; அவள் அதைத் தொடாமல் தரையில் உட்கார்ந்தே நறுக்குவாள். மறுநாள் காலை முதல் வேலையாக அந்த மேசையின் கால்களை அளந்தேன்.